பள்ளி இறுதியாண்டின் பிரிவு உபசாரமும் சுற்றுலாவும்: நினைவுகளைத் தொகுத்து வைக்கும் முறை

பிரிவு உபசார விழாவின் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் அலங்காரத்துக்கும் வாரக்கணக்கில் திட்டமிடும் வகுப்புகள்கூட, அந்த ஆண்டின் நினைவுகளைத் தொகுக்கும் வேலையை விழா முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகின்றன. விழா முடிந்ததும் தேர்வு வந்துவிடும். தேர்வு முடிந்ததும் மேற்படிப்புக்கான அலைச்சல் தொடங்கும். அதற்குள் ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். ஆகவே, தொகுப்புப் பணியைச் சுற்றுலாவுக்கு முன்பே தொடங்கி, விழா நாளுக்குள் முக்கால் பங்கையாவது முடித்துவிட வேண்டும். வருகைப் பதிவேட்டில் உள்ள ஒரு பெயர்கூட அந்தத் தொகுப்பில் விடுபடக் கூடாது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். எதைச் சேர்ப்பது, யாரிடம் கேட்பது, எவ்வளவு பக்கம் ஒதுக்குவது என்ற கேள்விகள் எழும்போதெல்லாம் இந்த ஒரு முடிவே வழிகாட்டும்.

விழாவைத் தேர்வுக்குச் சற்று முன்னதாகவே நடத்துவது நல்லது. போலந்தில் பள்ளி இறுதித் தேர்வுக்கு ஏறத்தாழ 100 நாட்களுக்கு முன்பே ‘ஸ்டுட்னியூஃப்கா’ என்னும் நடன விழாவை நடத்திவிடுகிறார்கள். பின்லாந்தில் பிப்ரவரி மாதத்திலேயே இறுதி வகுப்பினர் லாரிகளில் ஊர்வலமாகச் சென்று, வழியில் நிற்பவர்களுக்கு மிட்டாய்களை வீசி விடைபெற்ற பிறகுதான் தேர்வுக்கான படிப்பு விடுமுறைக்குச் செல்கிறார்கள். தேர்வு நெருங்கிவிட்ட பிறகு நடக்கும் விழாவில் பாதிப் பேரின் மனம் பாடப்புத்தகத்தில்தான் இருக்கும்.

சுற்றுலாவின்போது

சுற்றுலா நினைவுகளைப் பதிவு செய்யும்போது பலரும் கவனத்தையெல்லாம் பார்த்த இடங்களின் மீதே வைத்துவிடுகிறார்கள். அருவியும் கோட்டையும் கடற்கரையும் இன்னும் பல ஆண்டுகளுக்கு அங்கேயே இருக்கும். அவற்றின் படங்களை யாரும் எப்போதும் எடுக்கலாம். ஆனால் பேருந்தின் கடைசி இருக்கையில் யார் யாருக்கு அருகில் உட்கார்ந்தார்கள், எந்தப் பாட்டுக்கு முழுப் பேருந்தும் சேர்ந்து பாடியது, கண்டிப்பான ஆசிரியர் எந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார் என்பவை அந்தப் பயணத்தோடு முடிந்துபோகின்றவை. படம் எடுப்பவர்களுக்கு இதையே சொல்லி வையுங்கள்: காட்சிக்கு ஒரு படம் போதும், மனிதர்களுக்கு ஒன்பது படங்கள் வேண்டும்.

படம் சொல்லாதவற்றை எழுத்தில் பிடிக்க வேண்டும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, 1885இல் வெளியிட்ட ஆய்வில், மறதி தொடக்கத்தில்தான் மிக வேகமாக நிகழ்கிறது, பிறகு மெதுவாகிறது என்று காட்டினார். அவர் மனப்பாடம் செய்தவை பொருளற்ற அசைகள்தான் என்றாலும், பயணக் குறிப்பை உடனுக்குடன் எழுத வேண்டும் என்பதற்கு அது நல்ல காரணமாகும். ஊர் திரும்பிய அடுத்த வாரம் கட்டுரை எழுதித் தரும்படி கேட்பதைவிட, திரும்பும் வழியிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டையைக் கொடுத்து, இன்று கேட்ட ஒரு வாக்கியத்தையும் கண்ட ஒரு நிகழ்ச்சியையும் எழுதச் சொல்வது எவ்வளவோ மேல். அட்டையின் மூலையில் பெயரும் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

நுழைவுச்சீட்டுகளையும் பயணச்சீட்டுகளையும் பலர் ஆசையோடு சேர்த்து வைப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை இப்போது வெப்பத்தால் கருக்கும் தாளில் அச்சாகின்றன. வெயிலும் சூடும் பட்டால் எழுத்து மங்கிவிடும், பிவிசி என்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்தாலும் மங்கும். வீடு சேர்ந்த அன்றே அவற்றை ஸ்கேன் செய்துவிடுங்கள்.

சுற்றுலாவுக்கு வராதவர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பணம் கட்ட இயலாததாலோ, வீட்டில் அனுமதி கிடைக்காததாலோ, உடல்நலக் குறைவாலோ சிலர் வந்திருக்க மாட்டார்கள். சுற்றுலாப் பக்கங்கள் தொகுப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டால், அவர்கள் தங்கள் சொந்த வகுப்பின் நினைவு மலரிலேயே விருந்தாளிகளாகிவிடுவார்கள். ஏன் வரவில்லை என்று அவர்களிடம் கேட்க வேண்டாம். அதை அச்சில் குறிப்பிடவும் வேண்டாம். அதற்குப் பதிலாக, வகுப்பறை, விளையாட்டுத் திடல், ஆய்வகம், மாலை நேரப் பயிற்சி ஆகியவற்றுக்குச் சுற்றுலாவுக்கு நிகரான பக்கங்களை ஒதுக்கி, அந்தப் பக்கங்களைத் தொகுக்கும் பொறுப்பை அவர்களில் விருப்பமுள்ளவர்களிடம் ஒப்படையுங்கள். தொகுப்புக் குழுவினர் எடுக்க வேண்டிய முடிவுகளில் இதுவே முதன்மையானது என்று நான் கருதுகிறேன்.

எழுதி வாங்குவது

நண்பர்களிடம் எழுதி வாங்கும் ஏடுகளின் வழக்கம் 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விட்டன்பெர்க் பல்கலைக்கழக மாணவர்களிடையே தோன்றிப் பரவியது. அக்காலத்து ஏடுகள் பல இன்றும் நூலகங்களில் நல்ல நிலையில் இருப்பதற்கு, துணிக் கந்தல்களிலிருந்து செய்யப்பட்ட அக்காலத் தாள் ஒரு முக்கியக் காரணம். மரக்கூழில் செய்த மலிவான தாளில் உள்ள அமிலம் காலப்போக்கில் அதைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். ஆகவே அமிலமற்ற தாள் என்று குறிப்பிட்டு வாங்குங்கள். பேனாவில், சாய மையைவிட நிறமி மை நீடிக்கும், நீரிலும் கரையாது. ஸ்கெட்ச் பேனா எழுத்து வெளிச்சத்தில் வெளிறும், தாளின் மறுபக்கத்துக்கும் ஊறும்.

எழுதும் பொருளைக் குறித்து ஒரு வேண்டுகோளை முதல் பக்கத்திலேயே வைத்துவிடலாம். ‘என்றும் அன்புடன்’, ‘வாழ்க வளமுடன்’ என்ற வரிகளை யாரும் யாருக்கும் எழுதலாம். ‘வேதியியல் செய்முறைத் தேர்வு அன்று என் கை நடுங்கியபோது, ஒன்றும் பேசாமல் என் சோதனைக் குழாயைப் பிடித்துக்கொண்டாய்’ என்ற வரியை ஒருவர்தான் எழுத முடியும், ஒருவருக்குத்தான் எழுத முடியும். அப்படிப்பட்ட ஒரு நிகழ்ச்சியை எழுதும்படி கேளுங்கள். நண்பர்கள் அதிகமுள்ளவர்களின் பக்கம் நிரம்பி வழியும், அமைதியானவர்களின் பக்கம் வெறுமையாகக் கிடக்கும் என்பதால், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் மூன்று பேரைக் குழுவே குறித்துத் தருவது நல்லது. ஆளுக்கொரு பட்டப்பெயர் சூட்டும் வழக்கம் இருக்குமானால், அந்தப் பெயரைச் சம்பந்தப்பட்டவரிடம் முன்னதாகவே காட்டி ஒப்புதல் பெற வேண்டும். நிறம், உடல், குரல், குடும்பம் பற்றியவை ஒருபோதும் வேண்டாம்.

சீருடைச் சட்டையில் கையெழுத்து வாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சட்டைக்குள் ஒரு தடித்த அட்டையைச் செருகிவிட்டால் துணி விறைப்பாக நிற்கும், மையும் மறுபக்கம் ஊறாது. துணிக்கென்றே விற்கும் மார்க்கர் பேனாவைப் பயன்படுத்துங்கள். சாதாரண மார்க்கரால் எழுதிய சட்டையைத் துவைத்தால் எழுத்து மங்கத் தொடங்கும் என்பதால், முன்னும் பின்னும் படமெடுத்த பிறகு, துவைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

விழா நாளில்

குழுப் படத்தை விழாவின் இறுதிக்கு ஒத்திப்போடாதீர்கள். அதற்குள் சிலர் கிளம்பிப் போயிருப்பார்கள். படம் எடுத்த கையோடு, ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாகப் பெயர்களைக் குறித்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். பல ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தைப் பார்ப்பவர்களை வாட்டும் முதல் கேள்வி ‘இது யார்?’ என்பதுதான். வரிசை கலைந்து எல்லோரும் சிரிக்கும் அடுத்த நொடியையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அந்தப் படமே உயிரோடு இருக்கும். உரைகளை மூன்று நிமிடத்துக்குள் அடக்குவதும், அலுவலகப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், காவலாளி ஆகியோரைப் பெயர் சொல்லி மேடையில் நன்றி கூறுவதும் நிகழ்ச்சி நிரலிலேயே இடம்பெற வேண்டும். ஓர் அமைதியான அறையில் ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று குரல் பதிவு செய்தால், 40 பேர் கொண்ட வகுப்புக்கு 40 நிமிடம் போதும். முகம் படத்தில் இருக்கும்; 17 வயதுக் குரலைப் பதிந்து வைக்காவிட்டால் பிறகு மீட்கவே முடியாது.

தொகுத்துக் காப்பது

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். எடுத்த தேதி முதலிய விவரங்களும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பகிர்ந்த கோப்புறையில் நேரடியாக ஏற்றச் சொல்லுங்கள். 10×15 சென்டிமீட்டர் அளவில் தெளிவாக அச்சிடக் குறைந்தது 1200×1800 பிக்சல் வேண்டும். நடுவில் ஊசியடித்துக் கட்டும் புத்தகமானால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால், அதற்கேற்பப் பக்கங்களைப் பங்கிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் வருகைப் பதிவேட்டை எதிரே வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் குறைந்தது ஒரு படமும் அவர் எழுதிய ஒரு வரியும் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். தம் படத்தைப் பொதுவெளியில் போட வேண்டாம் என்று யாரேனும் சொன்னால், அதற்குக் காரணம் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். ஒட்டும் பசையுள்ள பக்கங்களைக் கொண்ட ஆல்பம், நாளடைவில் படத்தைப் பிரிக்க முடியாதபடி பிடித்துக்கொண்டு மஞ்சளாக்கிவிடும். பாலிப்ரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன உறைகள் கொண்டதையே வாங்குங்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு திறப்பதற்காகத் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் கடிதங்களைப் பள்ளி வளாகத்தில் புதைத்தால் ஈரம் புகுந்துவிடும், கட்டடமும் மாறிவிடும். இரண்டு பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, கடிதங்களை ஒருவரிடமும் அவற்றின் பட்டியலை மற்றவரிடமும் கொடுத்து, திறக்கும் நாளை எல்லோர் நாட்காட்டியிலும் குறிக்கச் செய்யுங்கள். விழாவுக்கு வர இயலாதவர்களின் பிரதிகளை அந்த வாரத்துக்குள் அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்க, இருவரை முன்கூட்டியே பெயர் குறித்து வைக்க வேண்டும்.