மிதித்தால் திணறும் மாருதி 800: கார்புரேட்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

மிதித்ததும் திணறுகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று பழைய மாருதி 800-ஐக் கொண்டுபோய் விட்டால், பல பட்டறைகளில் முதல் வேலையாக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிவிடுவார்கள். கோளாறு டேங்கிலிருந்து பெட்ரோல் இழுக்கும் பம்பிலோ, ரப்பர் ஹோஸிலோ, ஸ்பார்க்குக்காகக் கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டிலோ இருந்தால் இரண்டே நாளில் வண்டி பழையபடி திணறும். இது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். ஒரு பிளக் சரியாக அடிக்காவிட்டாலே சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்; ஓட்டுபவருக்கு அது பெட்ரோல் வராதது போலத்தான் தெரியும். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் எந்த நேரத்தில் திணறுகிறது என்று கவனியுங்கள்.

மிதித்த அந்தக் கணம் மட்டும் தடுமாறி, பிறகு நன்றாக ஓடினால், மிதித்ததும் கார்புரேட்டருக்குள் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் ஆக்ஸிலரேட்டர் பம்பைச் சந்தேகிக்கலாம். ஐட்லிங்கில் நின்றுபோய், மிதித்துப் பிடித்தால் மட்டும் ஓடினால் ஐட்லிங் பெட்ரோலைத் திறந்து மூடும் மின்வால்வான சொலினாய்டு, அல்லது அந்தப் பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டையான ஸ்லோ ஜெட். சொலினாய்டு வேலை செய்கிறதா என்பது சாவியைத் திருப்பும்போது கேட்கும் ‘டிக்’ சத்தத்தில் தெரியும். சத்தம் இல்லையென்றால் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி மேம்பாலத்திலோ நெடுஞ்சாலையிலோ இரண்டு மூன்று கிலோமீட்டருக்குப் பிறகு மூச்சு வாங்கினால், கார்புரேட்டர் தொட்டி நிரம்புவதைவிட வேகமாகக் காலியாகிறது. அப்படியானால் தேட வேண்டிய இடம் டேங்கிலிருந்து பெட்ரோல் பம்பு வரை.

சந்தேகமாக இருந்தால், காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக்கைப் பயன்படுத்துங்கள். எஞ்சின் சூடான பிறகு, திணறும் நேரத்தில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். வண்டி சுதாரித்தால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்று கூடுதலாக நுழைகிறது. இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். மாற்றமே இல்லையென்றால் ஸ்பார்க் தரும் இக்னிஷன் பக்கம் போங்கள்.

அடுத்து ஆக்ஸிலரேட்டர் பம்பு. எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுக்கும் த்ராட்டில் லிங்கைக் கையால் சட்டென்று இழுங்கள். உள்ளே இருக்கும் சின்னக் குழாயிலிருந்து பெட்ரோல் ஊசி போல நேராகப் பீய்ச்ச வேண்டும். இழுத்த அந்த நொடியே வர வேண்டும். கொஞ்சம் தாமதித்து வந்தாலும், சொட்டுச் சொட்டாக வழிந்தாலும் அதன் சவ்வான டயஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுக்கும் செக் பால் ஒட்டியிருக்கும். இதற்கு ரிப்பேர் கிட் போட்டால் போதும், முழுக் கார்புரேட்டர் தேவையில்லை. ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை ஓட்டை பெரிதானால் மைலேஜ் திரும்பி வராது. கார்ப் கிளீனரும் காற்றுமே போதும்.

வழியில் வண்டி நின்றுவிட்டாலும் இதே சோதனை உதவும். நின்ற உடனே லிங்கை இழுத்துப் பாருங்கள். நன்றாகப் பீய்ச்சினால் கார்புரேட்டர் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது பெட்ரோல் பம்பைக் குறை சொல்லாமல் ஸ்பார்க்கைப் பாருங்கள். வறண்டிருந்தால் பெட்ரோல் வரவில்லை.

பெட்ரோல் பம்பைச் சோதிக்கத் திறந்த வெளிக்குப் போங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஸ்பார்க் வராதபடி இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் வரும் சின்ன வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றுங்கள். கார்புரேட்டருக்கு வரும் ஹோஸை உருவி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு, பத்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். துடிப்புக்குத் துடிப்பு பலமாகப் பீய்ச்ச வேண்டும். பிறகு பாட்டிலை இரண்டு நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனிப்படலமாகத் தண்ணீர் நின்றாலோ, செம்மண் போலத் துரு படிந்தாலோ, டேங்கை இறக்கிக் கழுவாமல் வேறெதைச் செய்தாலும் வீண்.

பீய்ச்சல் பலவீனமாக இருந்தால் உடனே பம்பை மாற்றிவிடாதீர்கள். பம்பின் உள்வரும் முனையில் ஒரு புது ஹோஸை மாட்டி, மறுமுனையைச் சுத்தமான பெட்ரோல் உள்ள கேனில் விட்டு மறுபடி அடியுங்கள். இப்போது நன்றாக வந்தால் பம்பு சரி. டேங்கிலிருந்து வரும் வழியில்தான் கோளாறு: அடைத்த ஃபில்டர், டேங்க் உள்ளே இருக்கும் வலை, அல்லது வெடித்த ஹோஸ். இந்தக் கடைசி ஆள்தான் எல்லோரையும் ஏமாற்றுவது. உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் வெடித்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, வாசனையும் வராது. ஹோஸைக் கிளிப்புக்குப் பக்கத்தில் மடித்துப் பாருங்கள். முடி போல விரிசல் தெரியும். டேங்க் மூடியையும் மறக்க வேண்டாம். திணறும்போது மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, பிறகு வண்டி நன்றாக ஓடினால் மூடியின் வால்வு அடைத்திருக்கிறது.

கேனிலிருந்தும் சரியாக வரவில்லையென்றால் பம்புதான். அதன் டயஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடி, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலை மாற்றும் வரை எஞ்சினை ஓட்டக் கூடாது, பேரிங் போய்விடும். புதுப் பம்பு போடும்போது பழைய கேஸ்கெட் தடிமனையே போடுங்கள். தடிமன் கூடினால் பம்பை இயக்கும் ஆர்ம் (நெம்புகோல்) நகரும் தூரம் குறைந்து, புதுப் பம்பும் சோம்பேறியாகிவிடும்.

மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனை அடைத்துவிட்டால் பிரஷர் கூடும் என்று சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள். சுற்றி வரும் பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது. அதை நிறுத்தினால் சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்றதும் பெட்ரோல் ஆவியாகி, பம்பு இழுக்க முடியாமல் வேப்பர் லாக் ஆகும். அப்படி நின்ற வண்டியின் பம்பில் ஈரத்துணியைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து அடியுங்கள். கிளம்பினால் சூடுதான் காரணம். ஆனால் சூட்டில், இக்னிஷன் பாயிண்ட்டோடு இருக்கும் கண்டென்சரும் இதே வேலையைச் செய்யும். அங்கேதான் லிங்க் இழுக்கும் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இக்னிஷனில் பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ., பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பாயிண்ட் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் ஹோஸின் கார்புரேட்டர் முனையை உருவி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடையுங்கள். பிடிப்பு நிற்காமல் நழுவினால் ஹோஸிலோ டயஃப்ரத்திலோ ஓட்டை. மெதுவாக மிதிக்கும்போது மட்டும் வரும் திணறலுக்கு இது அடிக்கடி காரணம், பலர் பார்ப்பதே இல்லை.

எல்லாம் சரி செய்தும் லேசான தடுமாற்றம் மிஞ்சினால் பெட்ரோலையே பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எடையில் பார்த்தால், வெறும் பெட்ரோலில் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 பங்குதான். பழைய ஜெட் அளக்கும் கலவை அதனால் காற்று மிஞ்சி மெலிந்துபோகிறது. ஐட்லிங்கில் என்றால் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்குருவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திறந்து சரிசெய்யலாம். ஓட்டத்தில் என்றால் ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் வேண்டும். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உரிக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். ஆகவே ஹோஸ் மாற்றும்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதையே கேட்டு வாங்குங்கள். மாற்றிய மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு கிளிப்பின் அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் இறுக்கிவிட்டு, மறுபடி காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.