கதிர்காமப் பொதியும் பெண்களின் நடையும்: பாதயாத்திரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதிர்காமக் கொடியேற்றம் கிட்டி வர, மட்டக்களப்பிலிருந்து பாணமை வரைக்கும் பாதயாத்திரைக்குப் பொதி கட்டத் தொடங்கிவிடுவார்கள். அரிசி, பருப்பு, அவல், பாய், மாற்றுடுப்பு, தண்ணீர்க் கான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நான் முதன்முதலில் போன வருடம் எங்கள் குழுவில் சாமான்களை ஆளுக்கு 12 கிலோ என்று சரிசமமாகப் பிரித்தோம். அதுதான் நியாயம் என்று நம்பினோம். மூன்றாம் நாள் மாமி ஒருவர் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். அப்போதும் பொதியை வாங்கவில்லை. "கொஞ்சம் எட்டி வைங்க மாமி, பின்னுக்கு நிண்டிட்டீங்க" என்றோம்.

அன்று செய்தது இரண்டு தவறு.

முதலாவது கிலோக் கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு 12 கிலோ என்பது உடல் எடையில் 17 சதவீதம். 50 கிலோப் பெண்ணுக்கு அதே பொதி 24 சதவீதம். இது பெண்கள் பலம் குறைந்தவர்கள் என்ற பேச்சு இல்லை. நேபாள மலைப்பாதைகளில் சுமை தூக்கும் பெண்கள் தங்கள் எடையில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்து ஏறுவது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். சுமையை அவரவர் எடையில் 10, 20, 30 சதவீதம் என்று கொடுத்து ஆய்வுகூடத்தில் நடக்க வைத்தபோது, ஆண் பெண் இருவரின் கால்களும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் மாறின. ஒரே கிலோவை எல்லோர் முதுகிலும் ஏற்றினால்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே பொதி கட்டும் நாளில் தராசில் பொதியை மட்டும் வைக்காதீர்கள், ஆளையும் நிறுங்கள்.

இரண்டாவது தவறு இன்னும் மோசமானது: எட்டி வைக்கச் சொன்னது. சுமை ஏறும்போது கால் என்ன செய்கிறது என்று பாருங்கள். எட்டு, அதாவது ஒவ்வொரு அடியின் நீளம், குறுகும், இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் நிற்கும் நேரம் கூடும், உடம்பு முன்னுக்குச் சாயும். விழாமல் இருக்கவும் மூட்டுகளைக் காக்கவும் உடம்பு தானாகவே செய்யும் ஏற்பாடு இது. ஒரே சுமையில் பெண்களிடம் இந்த மாற்றம் கூடுதலாகத் தெரியும். கால் நீளம் குறைவு என்பதால் வேகத்தைப் பிடிக்க எட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். ஆணின் எட்டு 75 சென்றிமீற்றர், பெண்ணின் எட்டு 65 என்று வைத்தால் ஒரு கிலோமீற்றருக்கு 200 எட்டு கூடுதல். பதினைந்து கிலோமீற்றரில் 3000. இதை விட்டுவிட்டு எட்டை நீட்டச் சொன்னால், அந்த இழுப்பு இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் விழுகிறது.

பெண்ணின் இடுப்பெலும்பு அகலமானது. தொடை எலும்பு முழங்காலை நோக்கிக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே சாய்ந்து இறங்கும். நடக்கும்போது தொடை உள்பக்கம் வருவதும் கூடுதல், எனவே இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கு வேலை அதிகம். அவுஸ்திரேலிய இராணுவத்தில் 1990களில் இதைப் பட்டறிந்தார்கள். ஆண்களோடு ஒரே எட்டில் அணிநடை போட்ட, பயிற்சி பெற வந்த பெண்களுக்கு இடுப்பெலும்பில் மெல்லிய வெடிப்புகள் வந்தன. அணிநடையின் வேகத்தை மணிக்கு 7.5 கிலோமீற்றரிலிருந்து 5 ஆகக் குறைத்து, அவரவர் எட்டில் நடக்க விட்டதும் அந்த வெடிப்புகள் வெகுவாகக் குறைந்தன. வேல் பிடித்து முன்னால் போகும் சாமி நல்ல உயரமான ஆளாக இருந்தால், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அவருடைய எட்டுக்கு இழுபடுகிறார்கள். வரிசையின் வேகத்தைக் குறுகிய காலுள்ளவர் தீர்மானிக்கட்டும். இது குள்ளமான ஆண்களுக்கும் பொருந்தும்.

பாணமைக்கு அப்பால் மணல் வரும். காய்ந்த மணலில் அதே வேகத்தில் நடக்க, உறுதியான தரையில் செலவாகும் சக்தியின் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். அங்கே யாரையும் அவசரப்படுத்தக் கூடாது.

ஒற்றைத் தோளில் பையை மாட்டுவதையும், கானை ஒரு கையிலேயே தூக்கிப் போவதையும் விட்டுவிடுங்கள். சுமை இடது பக்கம் இருந்தால், வலது காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும் வலது இடுப்புத் தசை இறுகிப் பிடிக்க வேண்டும். அப்புறம் தலைச்சுமை. கென்யாவில் லுவோ இனப் பெண்கள் தலையில் வைத்தும், கிக்குயு இனப் பெண்கள் நெற்றிப் பட்டியில் முதுகுக்குத் தொங்கவிட்டும், உடல் எடையில் 20 சதவீதம் வரை கூடுதல் சக்தி செலவில்லாமல் சுமந்து நடந்தார்கள் என்பது 1986இல் வெளிவந்த ஆய்வு. சின்ன வயது முதல் பழகிய கழுத்தும் நடையும் அவர்களுடையது. நம் ஊரிலும் சும்மாடு வைத்து விறகு சுமந்த அம்மம்மாமாருக்கு அது வரும். கடைசி நாளில் சும்மாடு சுற்றும் பிள்ளைக்கு வராது. முதுகுப்பைதான் அவளுக்கு நல்லது, இடுப்புப் பட்டி இடுப்பெலும்பின் மேல் படியும்படி இறுக்கி. ஆணுக்கு அளவெடுத்த பையின் பட்டி பெரும்பாலும் கீழே தொங்கி, முழுப் பாரத்தையும் தோளுக்குத் தள்ளிவிடும்.

விரதம் என்று ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு இத்தனை தூரம் சுமந்து நடப்பதையும் யோசிக்க வேண்டும். சாப்பாடு போதாத உடம்பில் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளச் சிரமப்படும். மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்களுக்கு இது இன்னும் ஆபத்து.

தொடை இடுக்கில் வரும் வலியைத்தான் பெண்கள் மறைப்பார்கள். ஆண்கள் நடுவில் அந்த இடத்தைச் சொல்ல வெட்கம். மாமியும் அப்படித்தான் இரண்டு நாள் பொறுத்திருந்தார். கால் ஊன்றும்போது கூடி, ஓய்வாக இருந்தால் குறையும் வலி என்றால் அது வெறும் தசைப்பிடிப்பாக இல்லாமலும் இருக்கலாம். நடையை நிறுத்தி வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் மூத்த பெண் ஒருவர், இரவு தங்கும் இடத்தில் பெண்களிடம் தனியாக இதைக் கேட்டுவிட வேண்டும், காட்டுக்குள் இறங்குமுன் தங்கும் உகந்தையில் கட்டாயமாக. அதற்கு அப்பால் காட்டில் வரும் குமுக்கன் ஆற்றைக் கடந்துவிட்டால் நினைத்தவுடன் திரும்பி வர வழியில்லை.