முதியோர் இல்லத்துக்குப் போனால் கால் விரல் இடுக்கையும் பாருங்கள்

நாம் போகும் நேரத்தில் எந்த முதியோர் இல்லமும் சுத்தமாகத்தான் இருக்கும். கூடத்தில் டைல்ஸ் பளபளக்கும், பினாயில் மணக்கும். உங்கள் அம்மாவுக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, நெற்றியில் விபூதி இட்டு, துவைத்த நைட்டியில் உட்கார வைத்திருப்பார்கள். அதற்கு ஐந்து நிமிஷம் போதும். ஒரு வயசாளியைச் சரியாகக் குளிப்பாட்டி, மடிப்பெல்லாம் ஈரம் போக ஒற்றியெடுத்து, உடுத்திவிட அரை மணி நேரம் ஆகும். நான் அரசு மருத்துவமனையில் பெண்கள் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கே கோவைப் பக்கம் கட்டண இல்லங்கள் பெருகிவிட்டன, பிள்ளைகள் வெளிநாட்டில். "சிஸ்டர், ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்பவர்களுக்காகப் போய்வருகிறேன். அந்த அரை மணி நேரத்தை யாராவது செலவழிக்கிறார்களா என்பதைத்தான் நான் தேடுவேன்.

கையில் ஒரு சின்னத் தேங்காயெண்ணெய் பாட்டிலோடு போங்கள். "காலுக்கு எண்ணெய் தேச்சு விடறேம்மா" என்று உட்கார்ந்தால் அம்மாவுக்கும் கூச்சமில்லை, இல்லத்துக்காரர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள். கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். இடுக்கு வெள்ளையாக ஊறிப் பிளந்திருந்தால் சேற்றுப்புண். தண்ணீர் ஊற்றுகிறார்கள், துடைப்பதில்லை என்று அர்த்தம். நகம் வளைந்து பக்கத்து விரலைக் குத்துகிறது என்றால் மாதக்கணக்கில் அந்தக் காலை யாரும் கையில் எடுக்கவில்லை. சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் கால் மரத்திருக்கும், குத்தினாலும் சொல்லத் தெரியாது. அதனால் அவர்களுக்கு இதை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள். நீங்களே நகவெட்டியை எடுத்து ஆழமாக வெட்டிவிடவும் வேண்டாம்.

அடுத்து குதிகால். படுத்தே கிடப்பவர்களுக்குப் படுக்கைப்புண் குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பாகம், முழங்கை, பின்னந்தலை ஆகிய இடங்களில் கிளம்பும். புண்ணாவதற்கு முன்பே அந்த இடம் நிறம் மாறும். சிவந்த தோலில் விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்ப வேண்டும், வெளுக்காவிட்டால் அது புண்ணின் முதல் படி. நம் மாநிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா ஓடியோ இருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, கெட்டித்திருக்கிறதா என்று புறங்கையால் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் புரட்டினார்கள் என்று எழுதிவைக்கும் தாளைக் கேளுங்கள். ஏர் பெட் போட்டிருந்தால் அதன் பம்ப் ஓடுகிறதா என்றும் பாருங்கள். செல்போன் சார்ஜ் போட அந்தப் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும்: கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் சில நேரம் புண் வரும். புண் இருப்பதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக்கூடாது. அது இருப்பது அவர்களுக்குத் தெரியுமா, எப்போதிலிருந்து என்று சொல்கிறார்களா, டாக்டரிடம் காட்டினார்களா? "அப்படியா, இன்னிக்குத்தான் பாக்கறோம்" என்று வருகிற பதில்தான் என்னைப் பயமுறுத்தும்.

கை நகத்தடியில் பழுப்பாக அழுக்கு இருந்தால் முகர்ந்து பாருங்கள், அருவருப்புப் பட வேண்டாம். டயப்பர் நனைந்து நேரமாகி அரிக்கும்போது தன்னையறியாமல் கையை உள்ளே விடுவார்கள். அதே கையால்தான் மதியம் ரசம் சோறு பிசைவார்கள்.

டயப்பர் கணக்கு எளிது. வாங்கித் தருவது நீங்கள் என்றால் பாக்கெட்டை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து தேவைப்படுகிற ஆளுக்குப் பத்து உள்ள பாக்கெட் ஒரு வாரம் ஓடினால் மீதி நேரமெல்லாம் ஈரத்தில்தான் கிடந்திருக்கிறார். இரவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் கட்டுவதும் உண்டு, எழுந்து மாற்றும் வேலை மிச்சம் என்று. இதைவிடக் கொடுமை தண்ணீரைக் குறைப்பது. சாயங்காலத்துக்கு மேல் தம்ளரைக் கையெட்டாத தூரத்தில் வைத்துவிடுவார்கள். நாக்கு வறண்டு, சிறுநீர் அடர் மஞ்சளாகி நெடி அடித்தால் இதைச் சந்தேகப்படுங்கள். சிறுநீர்க் குழாய் போட்டவர்களுக்குப் பை இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும்.

வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பல்செட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டியதை வாரக்கணக்கில் வாயிலேயே விட்டிருந்தால், அடியில் ஈறு வெந்து சிவந்திருக்கும், சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர்போல வெள்ளைத் திட்டு இருந்தால் பூஞ்சை. நம் ஆட்கள் வாயை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. படுக்கையாளியின் அழுக்கு வாயிலிருந்து எச்சில் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். சுத்தக் குறைவால் உயிர் போகும் வழிகளில் இதுவும் ஒன்று.

மார்புக்கு அடியில், அக்குளில், தொடை இடுக்கில், வயிற்று மடிப்பில் பவுடர் கட்டிகட்டியாக ஒட்டியிருந்தால் ஈரத்தின்மேல் கொட்டியிருக்கிறார்கள். அடியில் தோல் ஊறி வெந்திருக்கலாம். பெண்கள் பார்க்க வேண்டிய இடத்தைப் பெண்ணே பார்ப்பது நல்லது. மகன் மட்டும் போவதானால் மனைவியையோ அக்காவையோ கூட்டிப் போகட்டும்.

மணிக்கட்டு, விரல் இடுக்கு, தொப்புளைச் சுற்றிப் பொரிப்பொரியாக இருந்து, ராத்திரியில் அரிப்பு அதிகம் என்றால் சொறி சிரங்காக இருக்கலாம். பக்கத்துக் கட்டில்காரரும் சொறிகிறாரா என்று கண்ணை ஓட்டுங்கள். ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும், ஆயாம்மாவுக்கும் சேர்த்து, ஒரே நேரத்தில் மருந்து தடவ வேண்டும். உங்கள் அம்மாவுக்கு மட்டும் களிம்பு வாங்கிக் கொடுத்தால் அடுத்த மாதம் திரும்ப வரும். ஒரே சீப்பு, ஒரே துண்டு, ஆண்கள் பகுதியில் ஒரே ரேசர் என்று புழங்கினால் உடனே தடுங்கள். ரேசரில் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும்.

முடியை ஒட்ட வெட்டியிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பேன் என்பார்கள், சிக்கு என்பார்கள். பல சமயம் உண்மைதான். ஆனால் அம்மாவைக் கேட்காமல் வெட்டினார்கள் என்றால் எனக்கு அந்த இல்லத்தின் மேல் மதிப்பு போய்விடும்.

இனி பேச்சு. "நல்லாப் பாத்துக்கறாங்களா?" என்று கேட்காதீர்கள். ஆயாம்மா பக்கத்தில் நிற்கும்போது "எனக்கென்ன கொறை சாமி" என்றுதான் பதில் வரும். தனியாக இருக்கும்போது, "வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்துனாங்களா? தண்ணி சூடா இருந்துச்சா? யாரு தொவட்டி உட்டா?" என்று கேளுங்கள். குளித்தவருக்குப் பதில் இருக்கும். மறதி நோய் உள்ளவரின் பதிலை நம்ப முடியாது, அங்கே உடம்புதான் சாட்சி. அவர்களில் பலர் குளிக்க மறுப்பதும், அடிப்பதும் நிஜம். அதை வைத்து இல்லத்தைப் பழிக்காதீர்கள். நல்ல இல்லம் மறுத்ததை எழுதி வைக்கும், மதியம் திரும்ப முயலும், அதுவும் முடியாவிட்டால் வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிடும். வயசான தோலுக்கு தினமும் சோப்புக் குளியல் தேவையும் இல்லை.

ஞாயிறு பதினொரு மணிக்கு, போன் செய்துவிட்டுப் போவதில் பயனில்லை. வேலை நாளில் காலை ஆறரைக்குப் போங்கள், இரவு எப்படிப் போனது என்று தெரியும். உள்ளே விடமாட்டோம் என்றால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். மேல் விரிப்பைத் தூக்கி ரப்பர் ஷீட்டைத் தொட்டுப் பாருங்கள். தூரத்தில் இருப்பவர்கள் வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்க்காமல் பாதத்தையும் கட்டிலையும் காட்டச் சொல்லுங்கள். நாள் தவறாமல் "இப்ப நெட்வொர்க் இல்லீங்க" என்றால் உள்ளூரில் ஒருவரை அனுப்புங்கள்.

குறை தெரிந்தால் ஆயாம்மாவிடம் கத்தாதீர்கள். இரவில் இருபது பேருக்கு ஒருத்தி என்று விட்டிருந்தால் அவள் என்ன செய்வாள்? நூறு ரூபாயைக் கையில் திணிப்பதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் அம்மாவுக்கு அன்று குளியல் நடக்கும், காசு தர ஆளில்லாத கட்டிலுக்கு நடக்காது. நிர்வாகியிடம் இரவுப் பணியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதி, புண் இருந்தால் படம் எடுத்து, கடிதமாகக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரத்தில் மாறவில்லையென்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். கட்டணமில்லை, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலரிடம் மனு கொடுக்கலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

ஆனால் புண்ணில் சீழ் வைத்து நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ஆள் திடீரென்று குழம்பிப் பேசினாலோ மனு எழுத உட்காராதீர்கள். 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், சேர்க்கும்போதே உடம்பில் எங்கெங்கே புண் என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.