முரண்டு பிடித்த சுடோகுவும் எக்ஸ்-விங்கும்

திருவொற்றியூரிலிருந்து பீச் போகும் ரயிலில் பேப்பர் சுடோகுதான் எனக்குத் துணை. கொருக்குப்பேட்டை சிக்னலில் வண்டி நின்றால் இன்னும் வசதி. அன்றைய புதிர் பாதியில் முரண்டு பிடித்தது. குத்துமதிப்பாக எண் போடுவது எனக்கு ஆகாது, எக்ஸ்-விங் தேடினேன்: இரண்டு வரிசைகளில் ஒரே எண், அதே இரண்டு பத்திகளில் (மேலிருந்து கீழ் போகும் கட்டங்கள்) மட்டும் வரக்கூடிய அமைப்பு அது.

2ஆம் வரிசையில் 7 வர இரண்டே இடம்: 3ஆம் பத்தி, 8ஆம் பத்தி. 6ஆம் வரிசையிலும் அதே கதை. ஒரு பத்தியில் 7 ஒரு முறைதான் வரலாம் என்பதால், ஒரு வரிசையில் 7 மூன்றாம் பத்திக்குப் போனால், மற்றதில் எட்டாம் பத்திக்குத்தான் போயாக வேண்டும். ஆக, அவ்விரு பத்திகளின் 7 இந்த நான்கு கட்டங்களுக்குள் அடக்கம். அந்தப் பத்திகளில் வேறெங்கும் பென்சிலால் குறித்திருந்த 7ஐ அடித்தேன். 9ஆம் வரிசை, 8ஆம் பத்தியில் 4 மட்டும் மிஞ்சியது. அப்புறம் மளமளவென்று நிரம்பியது.

வரிசையில் சிக்காவிட்டால் பத்தியில் தேடுங்கள். அப்போது அடிக்க வேண்டியது வரிசைகளில்.