டொய் பூடில் வாங்கும் முன் சீப்பு வாங்குங்கள்

டொய் பூடில் சுருள்முடி கொண்ட ஒரு சின்ன நாய் இனம். "பூடிலுக்கு முடி கொட்டாது, வேலையும் குறைவு" என்று விற்பவர்கள் சொல்வார்கள். முதல் பாதி ஓரளவு உண்மை, இரண்டாவதை நம்பாதீர்கள். உதிரும் முடி கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கி நிற்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மழையில் ஈரமும் சேர்ந்தால் காதடியிலும் கக்கத்திலும் சடை பிடித்துவிடும். மேலோட்டமாக பிரஷ் போட்டால் போதாது. முடியை வகிர்ந்து, தோல் வரைக்கும் சீப்பை ஓட்ட வேண்டும், தினமும். குளிப்பாட்டும் முன்பே சிக்கெடுங்கள்; நனைந்தால் சடை இன்னும் இறுகும். அப்புறம் ஹெயார் ட்ரையர். நம் ஊர் வெயிலை நம்பினால், காய்வதற்குள் பனிமூட்டம் வந்துவிடும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டும் செலவும் உண்டு.

தேயிலை மலைப்பக்கம் நடந்து வந்தால் விரலிடுக்குகளைப் பாருங்கள். சுருளுக்குள் அட்டை இருந்தால் தெரியவே தெரியாது. (எங்கள் வீட்டில் அது சோபாவில்தான் அகப்பட்டது.)

உயரம் 10 அங்குலம், எடை 2-3 கிலோ. கட்டிலிலிருந்து குதித்தாலே கால் முறியலாம். இரவில் வெளியே கட்டவே கூடாது, தோட்டங்களுக்குள் சிறுத்தை நாயைத் தேடி வரும். குட்டி அதிக நேரம் பசித்திருந்தால் சர்க்கரை குறைந்து துவண்டுபோகும். கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை கொடுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி கட்டாயம்.

15 வருடம்கூட வாழும். ஆனால் தனிமை தாங்காது. எல்லாரும் காலையில் வேலைக்குப் போய்விட்டால் குரைத்தே லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) ரெண்டாக்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் இதை வாங்கச் சொல்லமாட்டேன்.