இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பத்திரிகை: கோப்புகளைக் காப்பதில் நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடியில் சின்னதாக ஒரு அச்சுக்கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, மணிவிழா அழைப்பு, நோட்டீஸ், பில் புக், இப்படித்தான் பிழைப்பு. கடையில் ஒரு டெஸ்க்டாப், மிஷின் பக்கத்தில் இன்னொரு பழைய கம்ப்யூட்டர், வீட்டில் லேப்டாப். மூன்றிலும் ஒரே வேலைதான் மாறி மாறி ஓடும். ஒன்றில் சேவ் செய்த ஃபைலை ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பு நெட் வழியாக மற்றவற்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதற்குப் பெயர் சிங்க்.

ஒரு வெள்ளிக்கிழமைக் கல்யாணம். முகூர்த்தம் 9 மணியிலிருந்து 10.30. நான் அடித்து வைத்தது 10.30 முதல் 12. மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஐந்தாவது நிமிடம் ஆச்சியிடமிருந்து போன். "ஏப்பா, வெள்ளிக்கிழமை ராகு காலத்துலயா என் பேத்திக்குத் தாலி கட்டச் சொல்ற?" அன்று இரவே வீட்டில் லேப்டாப்பில் திருத்தினேன், சேவ் கொடுத்தேன், மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் நான் கடைக்குப் போவதற்குள் கடையில் வேலை பார்க்கும் பையன் டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைலைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டான். 600 பத்திரிகை, ராகு காலத்தோடு.

பையன் மேல் தப்பில்லை. அவன் திறந்த ஃபோல்டர் சரி, ஃபைலின் பெயரும் சரி. லேப்டாப்பில் நான் செய்த திருத்தம்தான் அங்கே வந்து சேரவில்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் நெட் எடுத்துக்கொண்டிருந்தேன், ஃபைல் பெரிது, அது மேலே ஏறி முடிவதற்குள் மூடியைச் சாத்திவிட்டேன். சேவ் ஆவது வேறு, போய்ச் சேருவது வேறு. இது தெரியாமல் இரண்டு கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். ஒன்டிரைவ் போன்றவை அளவு வைத்த நெட் இணைப்பு என்று குறிக்கப்பட்டிருந்தால் சிங்க் செய்வதைத் தானாகவே நிறுத்தி வைக்கும், பேட்டரி சேவர் ஓடினாலும் நிறுத்தும். டேட்டாவையும் சார்ஜையும் மிச்சப்படுத்தத்தான். ஆனால் நாம் அந்த மேகக் குறியைப் பார்ப்பதே இல்லை. கீழே வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அம்புக்குறி சுற்றிக்கொண்டிருந்தால் மூடாதீர்கள். எல்லாம் ஏறிவிட்டது என்று காட்டிய பிறகு மூடுங்கள். அடுத்த கம்ப்யூட்டரில் உட்காரும்போதும் ஃபைலைத் திறப்பதற்கு முன் அதே குறியை ஒரு தடவை பாருங்கள்.

அன்றிலிருந்து நான் கூடுதலாக ஒன்று செய்கிறேன். பத்திரிகையின் வெட்டுக் கோட்டுக்கு வெளியே, வெட்டினால் போய்விடும் இடத்தில், சின்ன எழுத்தில் திருத்த எண் போடுகிறேன்: 1, 2, 3 என்று. ஆச்சி சரி சொன்னது 3 என்றால், மிஷினுக்குப் போவதிலும் 3 இருக்க வேண்டும். பையன் படித்துப் பார்க்கத் தேவையில்லை, எண்ணைப் பார்த்தால் போதும். ஃபைலுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று பெயர் வைப்பதை அப்போதுதான் விட்டேன். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போட்டால் ஃபோல்டரில் தானாகவே வரிசையாக நிற்கும்.

இதற்குத் தம்பி மாதிரி இன்னொரு தவறு உண்டு. ஒரே ஃபைலை இரண்டு இடத்தில் திறந்து வைத்திருப்பது. கடையில் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் ஒரு ஃபைலை மூடாமல் வீட்டுக்கு வந்து, அதையே லேப்டாப்பில் திறந்து திருத்தினால் இரண்டு விதமான பிரதி உண்டாகிவிடும். சிங்க் செய்யும் மென்பொருளுக்கு எது அசல் என்று தெரியாது. பெரும்பாலும் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயரோடு கம்ப்யூட்டரின் பெயரையோ 'மோதல் நகல்' என்று பொருள்படும் சொல்லையோ ஒட்டிவிடும். கூகுள் ஷீட் போன்றவற்றில் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து எழுதலாம். இப்படிச் சிங்க் ஃபோல்டரில் கிடக்கும் கோரல், போட்டோஷாப் ஃபைல்களில் அது நடக்காது. மூடிவிட்டுக் கிளம்புங்கள். வேறு வழி கிடையாது.

இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன். சிங்க் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று நினைப்பது. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நிம்மதியாக இருந்தேன்.

லேப்டாப்பில் இடம் நிரம்பிவிட்டது. வீட்டில் ஒருவர் உதவி செய்வதாக நினைத்து, 'இதெல்லாம் கடையில்தான் இருக்கிறதே' என்று பழைய வருடத்து ஃபோல்டர் ஒன்றை அழித்துவிட்டார். சிங்க் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ஒரு இடத்தில் அழித்ததை எல்லா இடத்திலும் அழித்தது. அதற்குச் சொல்லிக் கொடுத்த வேலையே அதுதான், இங்கே நடப்பதை அங்கேயும் நடத்துவது. நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. ஃபைல் கெட்டுப்போனால் கெட்டுப்போன ஃபைலையே மற்ற கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும்.

குப்பைத் தொட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கூகுள் டிரைவில் அழித்தது 30 நாள் கிடக்கும், அப்புறம் நிரந்தரமாகப் போய்விடும். சொந்தக் கணக்கில் பயன்படுத்தும் ஒன்டிரைவிலும் 30 நாள்தான். அழித்த அன்றே தெரிந்தால் தப்பிக்கலாம். எனக்கு எப்போது தெரிந்தது? மூன்று மாதம் கழித்து, தேவகோட்டையிலிருந்து ஒருவர் வந்து, "மூத்தவனுக்கு அடிச்ச அதே டிசைன்ல இளையவனுக்கும் போட்டுருங்க" என்று கேட்டபோது. அவர் வீட்டுப் பீரோவிலிருந்து ஒரு பழைய பத்திரிகையை வாங்கி, ஸ்கேன் செய்து, கோலக்கரையை முதலிலிருந்து வரைந்தேன். இரண்டு இரவு.

டிசைன்கூடப் போகட்டும், திரும்ப வரைந்துவிடலாம். அந்த ஃபோல்டரில் விலாசப் பட்டியல்களும் இருந்தன. இங்கே பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் எந்த ஊர், நகரத்தாரில் எந்தக் கோயிலைச் சேர்ந்த வீடு என்று பிரித்து வைத்துத்தான் கவர் எழுதுவார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில். ஒரு வீட்டுக்கு அந்தப் பட்டியலைச் சரிபார்த்து முடிக்க அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதைத் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது?

பேக்கப் என்றால் நீங்கள் கை தவறினாலும் அதோடு சேர்ந்து தவறாத நகல். நேற்றைய நிலை, போன வாரத்து நிலை, போன மாதத்து நிலை என்று தனித்தனியாகத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, மேக்கில் டைம் மெஷின். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி ஒருமுறை ஏற்பாடு செய்துவிட்டால் பழைய பிரதிகளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். கோரல்டிரா அதே ஃபோல்டரில் 'பேக்கப் ஆஃப்' என்று தொடங்கும் ஒரு ஃபைலைப் போட்டு வைக்கும். அதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அசலும் அதுவும் ஒரே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கின்றன, டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பென் டிரைவ் பற்றி ஒரே வரி: அதில் ஃபைலை 'கட்' செய்து ஒட்டாதீர்கள், 'காப்பி' செய்யுங்கள். கட் செய்தால் உங்களிடம் இருப்பது அந்த ஒரே ஒரு பிரதி, அதுவும் சட்டைப் பையில்.

ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று பாருங்கள். தமிழில் அச்சு வேலை செய்பவர்களுக்கு இது தனித் தலைவலி. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறை வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் இன்னும் எங்கள் கடையில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஃபைல் பத்திரமாக லேப்டாப்புக்கு வந்துவிடும். எழுத்துரு வராது. திறந்தால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஏதோ நிற்கும். எழுத்துரு விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருப்பதால் நாம் அதை நினைப்பதே இல்லை. பேஜ்மேக்கர், இன்டிசைனில் படத்தை இணைப்பாக மட்டும் வைத்திருந்தாலும் இதே கதை, பக்கம் வரும், பிள்ளையார் வரமாட்டார். நான் இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, டிசைன், படங்கள், அதில் பயன்படுத்திய எழுத்துரு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைக்கிறேன். கடைசியாக, எழுத்துரு இல்லாமலும் சரியாகத் தெரியும்படி எழுத்தை வரைபட வடிவமாக மாற்றிய ஒரு பிரதியும் பிடிஎஃப் ஒன்றும்.

இலவச இடம் நிரம்பினாலும் சிங்க் நின்றுவிடும். கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5, டிராப்பாக்ஸில் 2. கூகுளின் அந்த 15-இல் ஜிமெயிலும் போட்டோக்களும் சேர்த்தி, ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்த்தி. கடைக் கணக்கையே வீட்டுப் போனிலும் போட்டு வைத்திருந்தால் பேரனின் பிறந்தநாள் வீடியோ வந்து உங்கள் பத்திரிகை ஏறுவதைத் தடுக்கும். எச்சரிக்கை வரும், ஆனால் நம்மில் யார் அதைப் படிக்கிறோம்? கடைக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அதன் பாஸ்வேர்டையும், போன் தொலைந்தால் உள்ளே நுழைய கூகுள் தரும் 10 மாற்று எண்களையும் தாளில் எழுதிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.

மிஷின் பக்கத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் தேதியைப் பல வருடம் பின்னால் காட்டியது. மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் கடிகாரம் பழைய காலத்துக்கு ஓடிவிடும். 'புதியதை வைத்துப் பழையதை மாற்று' என்று தேதி பார்த்து நகலெடுக்கும் மென்பொருள் ஓடினால், அந்தக் கம்ப்யூட்டரில் இன்று செய்த வேலையெல்லாம் பழையது என்று ஆகிவிடும். இங்கே மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட் போவது வழக்கம்தானே. மறுநாள் முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பாருங்கள். டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதும் ஆபத்து, யூபிஎஸ் இல்லாமல் அதை ஆரம்பிக்கவே வேண்டாம்.

டாலியில் கணக்கு வைத்திருப்பவர்கள் அந்த டேட்டா ஃபோல்டரைச் சிங்க் ஃபோல்டருக்குள் வைத்து ஓட்டாதீர்கள். திறந்திருக்கும்போது பாதி பாதியாக ஏறினால் கணக்கு குழம்பும். டாலியிலேயே பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது. அதை எடுத்து, அந்த நகலைச் சிங்க் ஃபோல்டரில் போடுங்கள்.

சரி, ஹார்ட் டிஸ்க் வாங்கியாயிற்று. அதை எங்கே வைப்பது? பெரும்பாலான கடைகளில் அது கம்ப்யூட்டரிலேயே நிரந்தரமாகச் செருகி, சிபியு தலையில் உட்கார்ந்திருக்கும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். 2017 மே மாதம் வானாகிரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது செருகியிருந்த டிஸ்க்குகளில் இருந்ததும் போனது. இடி இறங்கினாலும், ஐப்பசி மழையில் ஓட்டுக்கூரை ஒழுகினாலும், திருட்டுப் போனாலும் ஒரே மேசையில் இருப்பதெல்லாம் ஒன்றாகத்தான் போகும்.

மூன்று நகல், இரண்டு விதமான சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 3-2-1 என்று இதைப் பரப்பியவர் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். நம் ஊருக்கு இது புதிதாகப் படவில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் சிலோனிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார், கடை அங்கே நடந்தாலும் கணக்கை ஊருக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கணக்குப் புத்தகமான பேரேடு அங்கே, வரவு செலவைத் திரட்டிய ஐந்தொகை இங்கே வீட்டில். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் நுழைந்தபோது கட்டின துணியோடு நடந்து வந்தவர்கள் உண்டு. அந்த நிலைமையில் பேரேட்டை யார் தூக்கி வருவது?

என்னிடம் இரண்டு டிஸ்க். ஒன்று கடையில், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவேன். இன்னொன்று தேவகோட்டையில் அக்கா வீட்டில். அமாவாசைக்கு அமாவாசை இரண்டையும் மாற்றிக்கொள்கிறேன். அமாவாசை என்றால் காலண்டர் பார்க்காமலே வீட்டில் நினைவுபடுத்திவிடுவார்கள். டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் போன் எண்களெல்லாம் இருப்பதால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறேன். பூட்டின் மீட்புச் சாவி அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தால் பிரயோஜனமில்லை, அதுவும் பெட்டகத்துக்குத்தான்.

கடைசியாக, எடுத்த பேக்கப்பைத் திறந்தே பார்க்காமல் இருப்பது. கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தும் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல் இருந்ததால் தப்பினார்கள். அவர்களுக்கே அந்தக் கதி.

போன அமாவாசைக்கு அக்கா வீட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து, லேப்டாப்பில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஃபோல்டரைத் தொட்டேன். அந்த 600 பத்திரிகைக் கல்யாணம்தான் வந்தது. திறந்தது, எழுத்துரு சரியாக வந்தது, ஓரத்தில் பார்த்தால் திருத்த எண் இல்லை. அந்தப் பழக்கம் அதற்கு அப்புறம்தானே வந்தது. முகூர்த்த நேரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: 9 முதல் 10.30.