பழைய மரக்கடைசல் லேத் வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்

பழைய லேத் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது துருவை, அப்புறம் மோட்டார் ஓடுகிறதா என்பதை. இரண்டையும் சரி செய்துவிடலாம். பெட், அதாவது எல்லாப் பாகமும் உட்காரும் நீளமான அடித்தளம், முழுக்கச் சிவந்து கிடந்தாலும் மண்ணெண்ணெயும் இரும்பு நாரும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் வெளுத்துவிடும். மோட்டார் கருகியிருந்தால் காயில் கட்டித் தர பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் ஆள் இருக்கிறார்கள். நம்மை உண்மையில் செலவுக்குள் இழுத்துவிடுவது தேய்ந்த ஸ்பிண்டில் (மரத்தைச் சுழற்றும் தண்டு), விரிசல் விட்ட ஹெட்ஸ்டாக் (அந்தத் தண்டைத் தாங்கும் தலைப்பகுதி), காணாமல் போன பாகம், இந்த மூன்றும்தான். இவற்றைப் பார்க்காமலேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

கொடுங்கையூரில் என் வீட்டுப் பின்பக்கம் நிற்கும் லேத் ஒரு மூடிப்போன பேட்டர்ன் பட்டறையிலிருந்து வந்தது. வார்ப்புக்கு மர அச்சு செய்து கொடுத்த பட்டறை. பச்சை பெயிண்ட் புதிதாக அடித்து, பார்க்கவே கம்பீரமாக இருந்தது. உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டைப் பெட்டோடு பிடித்து நிறுத்தும் அடிப்பாகம் மட்டும் இல்லை. "அதெல்லாம் எங்க வேணா கிடைக்கும்ணே" என்றார் விற்றவர், நானும் தலையாட்டினேன். எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் மரத்தில் அச்சு செய்து, வார்த்து, ஓட்டை போட்டு, அடியைச் சமமாக்கி முடிக்க இரண்டரை மாதம் ஆனது. லேத் விலையில் கால் பங்கு அதற்கே போனது. பேர் பெற்ற கம்பெனி லேத் என்றால் உதிரி பாகம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் மைஃபோர்டு கம்பெனியே 2011-இல் தொழிலை நிறுத்திவிட்டது, அதன் பழைய எம்எல்8 மர லேத்துக்குப் பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொரு பழைய லேத்தைத்தான் தேட வேண்டும். ஆகவே மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக், டூல் ரெஸ்ட், அதன் அடிப்பாகம், கட்டையைத் திருகிப் பிடிக்கும் தட்டான ஃபேஸ் பிளேட், இறுக்கும் கைப்பிடிகள், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும். எடைக்கு எடுத்து வந்த வியாபாரி டெயில்ஸ்டாக்கைத் தனியாக வேறொருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு என்பதால், பிடித்திருந்தால் அன்றைக்கே முன்பணம் கொடுத்து எல்லாப் பாகத்தையும் ஒன்றாகக் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

பழைய இரும்புக் கடையில் லேத் என்று கேட்டால் இரும்பு கடையும் லேத்தைக் காட்டுவார்கள். அதையே மரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை பலருக்கு வரும். மரத்துக்கு வேகம் வேண்டும். கட்டையின் விட்டத்தை இஞ்சில் எடுத்து வேகத்தோடு (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கினால் 6000-லிருந்து 9000-க்குள் வர வேண்டும் என்பது கடைசல்காரர்கள் கணக்கு. 2 இஞ்சுக் கட்டில் கால் என்றால் 3000 சுற்றுக்கு மேல். பழைய இரும்பு லேத்துகள் பெரும்பாலும் சில நூறு சுற்றோடு நின்றுவிடும். இதே கணக்கைத் திருப்பியும் போட்டுப் பாருங்கள்: 10 இஞ்சுக் கிண்ணம் கடைய 600 முதல் 900 போதும், சமமில்லாத பச்சை மரம் என்றால் அதற்கும் கீழே தொடங்க வேண்டும். லேத்தின் மிகக் குறைந்த வேகமே 1000 என்றால் கிண்ணக் கனவை விட்டுவிட வேண்டியதுதான்.

இப்போது ஸ்பிண்டில். இதில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். முதலில் அதன் மூக்கில், அதாவது சக் ஏறும் முனையில், இருக்கும் மரை. மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்குகள் இன்றைக்குப் பெரும்பாலும் 1 இஞ்சு விட்டம், இஞ்சுக்கு 8 மரை, இல்லையென்றால் எம்33, அதாவது 33 மி.மீ. விட்டம். பழைய லேத்தில் வேறு என்னவாக வேண்டுமானாலும் இருக்கும், அந்த எம்எல்8-இல் விட்டம் அதே 1 இஞ்சு, ஆனால் இஞ்சுக்கு 12 மரை. விட்டம் ஒன்று என்பதால் சக் ஏறிவிடும் என்று நம்பி வாங்கிவிடக் கூடாது. கையில் ஒரு மரை கேஜ் வைத்திருங்கள். மரை வேறாக இருந்தாலும் பழுதில்லாமல் இருந்தால், நல்ல டர்னர் ஒருவர் அடாப்டர் கடைந்து கொடுத்துவிடுவார். மரை நசுங்கியிருந்தால்தான் வினை.

அடுத்து ஸ்பிண்டிலுக்கு உள்ளே இருக்கும் மோர்ஸ் டேப்பர் ஓட்டை, அதாவது உள்ளே போகப்போகக் குறுகும் ஓட்டை. வாயில் சுமார் 12 மி.மீ. என்றால் 1-ஆம் நம்பர், 17.8 என்றால் 2-ஆம் நம்பர். உங்களிடம் இருக்கும் நல்ல சென்டர் (இந்த ஓட்டையில் பொருந்தி மரத்தைத் தாங்கும் கூர்முனைக் கம்பி) ஒன்றை எடுத்துப் போங்கள். அதன் மேல் நீளவாக்கில் மூன்று பென்சில் கோடு போட்டு, ஓட்டையைத் துணியால் துடைத்துவிட்டு, உள்ளே அழுத்திக் கால் சுற்றுத் திருப்பி வெளியே எடுங்கள். கோடு முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் நல்ல ஓட்டை. வாய்ப் பக்கம் மட்டும் அழிந்து உள்ளே அப்படியே இருந்தால், யாரோ சென்டரைச் சுழல விட்டுச் சுரண்டியிருக்கிறார்கள்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். மோட்டார் சத்தத்தில் கேட்காத பேரிங் கரகரப்பு அப்போது விரலுக்கே தெரியும். மூக்குக்கு அடியில் ஒரு ரீப்பரைக் கொடுத்து லேசாக நெம்பிப் பாருங்கள். டொக் என்று ஆடினால் பேரிங்கோ புஷ்ஷோ போயிருக்கிறது. பால் பேரிங் என்றால் மாற்றிவிடலாம், வெண்கல புஷ் என்றால் புதிதாகக் கடைய வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். இரண்டு பக்கமும் சென்டர் மாட்டி டெயில்ஸ்டாக்கை நெருக்கி, முனையும் முனையும் சேர்கிறதா என்று பார்ப்பதையும் விடாதீர்கள்.

புது பெயிண்ட் இருந்தால் நான் இரட்டிப்பாகச் சந்தேகப்படுவேன். வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் விரிசல் விடும். ஹெட்ஸ்டாக் அடி, கால்கள், போல்ட் போகும் காதுகள், இங்கெல்லாம் மண்ணெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸைத் தேயுங்கள். விரிசல் பெயிண்டையும் பிளந்து வெளியே வந்திருந்தால் வெள்ளை மேல் கறுப்புக் கோடாக ஈரம் கசியும். பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருப்பது இதில் தெரியாது, சந்தேகமான இடத்தில் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள்.

பட்டறை லேத்தில் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கும், வீட்டில் சிங்கிள் ஃபேஸ். மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவியான விஎஃப்டி வாங்கினால் முடிந்தது என்பார்கள். சாதாரண விஎஃப்டி 230 வோல்ட் எடுத்து 230 வோல்ட்டில் த்ரீ ஃபேஸ் கொடுக்கும். 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் இருக்கும் மோட்டாரை அதற்கு டெல்டா இணைப்பாக மாற்ற வேண்டும். மோட்டார் பெட்டியைத் திறந்து காயிலின் ஆறு முனை வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள், மூன்றுதான் இருந்தால் காயில் கட்டுபவரிடம்தான் போக வேண்டும். விஎஃப்டியில் தலைகீழ்ச் சுற்றும் உண்டு. மரை போட்டு ஏற்றும் சக் அப்போது தானே கழன்று பறக்கும், அதனால் அந்தப் பட்டனை முடக்கி வையுங்கள்.

ஏற்றி வருவதில் அவசரம் வேண்டாம். நம்ம ஊர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் முழு லேத்தையும் நிமிர்த்தி வைத்தால் மேல்கனத்தில் ஒரு பள்ளத்திலேயே சாய்ந்துவிடும். ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக், மோட்டாரைக் கழற்றித் தனித்தனியாகச் சாக்கில் சுற்றிப் படுக்க வைத்து வாருங்கள். ஸ்பிண்டிலில் கயிறு கட்டித் தூக்க விடவே விடாதீர்கள்.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. துடைத்த பெட் மேல் எண்ணெய் பூசினால் மரத்தில் கறை ஏறும், மெழுகு தேயுங்கள். ஈர வேம்போ பூவரசோ கடைந்த அன்று தூளை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலையில் தூள் கிடந்த இடமெல்லாம் சிவந்திருக்கும்.